கரை எரிந்தபோது கடலில் நின்றவர்கள்

சுக்கான்காரன்:
2007 ஜனவரி 2ஆம் திகதி மன்னார் இலுப்பைக்கடவை படகுத்துறையில் விமானப்படையின் கிபிர் போர்விமானம் குண்டு வீசியதைப் பற்றிக் கரையில் இருந்தவர்கள் நிறையவே சொல்லிவிட்டார்கள். நான் அப்போது கடலில் இருந்தேன். மூன்று பேர் போன வள்ளத்தில் எஞ்சின் என் கையில் இருந்தது, வள்ளத்தின் தலைவரான தண்டையல் முன்பக்கமான அணியத்தில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார். முதலில் வள்ளத்தின் அடி என் காலுக்குக் கீழே ஒருமுறை அதிர்ந்தது. அதன் பிறகுதான் வெடியோசை வந்தது. தண்டையலின் வீடு அங்கேதான் இருந்தது. அவர் கரையிலிருந்த பனைகளை அடையாளம் வைத்து, எந்தக் குடிசையிலிருந்து புகை எழுகிறது என்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை போட்டுவிட்டுப் போனது மறுமுறையும் வரும் என்ற அச்சத்தில், அவரைக் கேளாமலே வள்ளத்தை வெளிக்கடலுக்குத் திருப்பினேன். அணியம் திரும்பியதும் அவரும் திரும்பி, பின்பக்கமான கடையாரில் இருந்த என் தலைக்கு மேலாகக் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

வடமராட்சியான்:
அதிர்வு ஓசைக்கு முன்னால் வந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை; பதற்றத்தில் நினைவு முன்பின்னாக மாறியிருக்கலாம். 1995இல் எங்கள் வடமராட்சிக் கடலில் நான் கண்டது புக்காரா என்ற குண்டுவீச்சு விமானம். அதன் இரைச்சல் முன்கூட்டியே கேட்டதால் வலையை அறுத்துவிட எங்களுக்கு நேரம் கிடைத்தது. இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: விமானத்தைக் கண்டதும் கடலில் குதிக்காதீர்கள். அருகே நீருக்குள் குண்டு வெடித்தால், அந்த அழுத்தம் காற்றில் பரவுவதைவிடக் கடுமையாக உடம்பைத் தாக்கி, நுரையீரலையும் குடலையும் கிழித்துவிடும். வள்ளத்துக்குள் குப்புறப் படுப்பதே மேல். வள்ளங்கள் கூட்டமாக நிற்பதும் கூடாது. ஒன்றுக்கொன்று விலகிப் போய்விட வேண்டும்.

நங்கூரம்:
வடமராட்சி அண்ணருக்கு: நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் செல்கிறது, காற்றிலோ 340 மீற்றர்தான். ஆகவே முதலில் எழுதியவரின் கால் பொய் சொல்லவில்லை. நான் மறுநாள் எங்கள் வள்ளத்தில் அங்கே போனேன். அது விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகளின் தளம் என்று அரசு அறிவித்திருந்தது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை நேரில் வந்து பார்த்து, இறந்தவர்கள் பொதுமக்கள் என்றார். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்: நைலோன் வலைகள் உருகிக் கறுத்த கட்டிகளாகிவிட்டிருந்தன. வலை விரித்துக் காயப்போட்டிருந்த இடத்தில், அதன் ஈயக்குண்டுகள் மட்டும் வரிசை குலையாமல் மணலில் கிடந்தன. அவற்றை ஒரு சிறுவன் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். அவனை ஏனென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சுக்கான்காரன்:
ஓசையின் கணக்குக்கு நன்றி, ஆனால் என்னை உறுத்துவது அதுவன்று. பிற்பகலில் கரைக்குத் திரும்பியபோது, வள்ளம் தரைதட்டுவதற்கு முன்பே தண்டையல் இடுப்பளவு நீரில் இறங்கி நடந்தார். மறுபடி கடலுக்குப் போனபோது எஞ்சினை என்னிடம் தரவில்லை. கடையாரில் தானே அமர்ந்துகொண்டு, என்னை அணியத்தில் நிற்கச் சொன்னார்.