மூன்றாம் வகுப்பு மகள் மனப்பாடமாகவே வாசிக்கிறாள்: ஆசிரியரிடம் எதைக் கேட்பது?

கேள்வி (அம்மாபேட்டை, சேலம்):
வணக்கம். நாங்கள் தறி நெய்பவர்கள். மகள் பாடத்தைக் கடகடவென்று படிப்பதைக் கேட்டு மகிழ்ந்திருந்தோம். சென்ற வாரம் படத்தைக் கையால் மறைத்து, வரியின் நடுவிலிருந்த 'கொக்கு' என்ற சொல்லைக் காட்டியபோது, 'கெ... கா...' என்று திணறி அழுதுவிட்டாள். வகுப்பாசிரியர் வீட்டில் படிக்க வைக்கச் சொல்கிறார். நான் ஐந்தாவதோடு நின்றவள். கணவருக்கு எழுத்துக் கூட்டவும் வராது. நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில் 1 (ஏற்காடு, தொடக்கப்பள்ளி ஆசிரியை):
அம்மா, அது கவனக்குறைவு அன்று. 'கொ' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்பதால், மூன்று உருவும் சேர்ந்து ஒரே ஒலி என்பது பிடிபடாத குழந்தை, கண்ணில் பட்ட வரிசையிலேயே உடைத்துப் படிக்கிறது. எனவே ஆசிரியரிடம் 'நன்றாகப் படிக்கிறாளா?' என்று கேட்காமல், 'எந்த எழுத்தில் நிற்கிறாள்?' என்று கேளுங்கள்.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எங்கள் பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைத்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே, குழந்தையின் குறிப்பேட்டில் நாள்தோறும் ஒரே ஒரு வரி எழுதி அனுப்புகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தடையின்றிப் படித்தால் புள்ளியும், எங்காவது நின்றால் கோடும் போட்டு அனுப்புகிறார்கள். கோடு வந்த வரியைத்தான் மறுநாள் முதலில் எடுக்கிறேன்.

பதில் 2 (சூரமங்கலம்):
டீச்சர் சொல்வது சரி. ஆனால் கோடு போடுவதைக் குழந்தை பார்க்க வேண்டாம். என் பேரன் அதைத் தண்டனையாக எண்ணிப் புத்தகத்தையே ஒளித்து வைத்தான். 2023இல் அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் உள்ளன. மகளுக்கு ஏற்ற படி எது என்று ஆசிரியரிடமே கேட்டு வாங்குங்கள். மனப்பாடம் ஆகாத புதுப் பக்கம்தான் அவளுக்கு வேண்டும். பேருந்துப் பலகைகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று ஆசிரியரிடம் அப்படியே கேட்டேன். ஒகர, ஓகார வரிசையில்தான் நிற்கிறாள் என்றார், தினம் ஒரு வரி எழுதித் தரவும் இசைந்தார். திரும்பும் வழியில் மகள் பேருந்துப் பலகையைப் பார்த்து, மெதுவாக, 'கொண்... டலாம்... பட்டி' என்று படித்தாள்.