மாத்திரை தொடங்கியதிலிருந்து மகன் மதிய உணவைத் தொடுவதில்லை

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அம்மா

அனைவருக்கும் வணக்கம். 8 வயதாகும் என் மகனுக்கு ஏடிஎச்டி (கவனச் சிதறலும் மிகையான துறுதுறுப்பும் உள்ள நிலை) இருப்பது உறுதியானதால், கோயம்புத்தூரில் நாங்கள் பார்க்கும் மருத்துவர் மூன்று மாதங்களுக்கு முன் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையைத் தொடங்கினார். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் போராடியவன் இப்போது தானே அமர்ந்து எழுதி முடிக்கிறான். ஆனால் உணவுப் பெட்டி கொடுத்தபடியே திரும்பி வருகிறது. நேற்றுக் கொடுத்த தயிர்சாதத்தின் ஓரத்தில் ஒரு கரண்டி அளவு குழி மட்டுமே இருந்தது. மாங்காய் ஊறுகாயை மட்டும் தின்றிருந்தான். 23 கிலோ இருந்தவன் 22 கிலோவாகிவிட்டான். "பிள்ளை துரும்பாகிவிட்டான், மாத்திரையை நிறுத்து" என்று என் மாமியார் தினமும் வருந்துகிறார். காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரையும், 8.30 மணிக்கு இட்லியும் கொடுக்கிறேன். இரவு 9 மணிக்குப் பசிக்கிறது என்கிறான், அந்நேரத்தில் கொடுக்கலாமா?

பதில் 1: வாளையாறு சகோதரி

என் மகளுக்கு இப்போது 12 வயது. நான்கு ஆண்டுகளாக இதே மருந்தைச் சாப்பிடுகிறாள். உங்கள் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது காலை வரிசை என்று நினைக்கிறேன். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பசி உணர்வு மங்கிவிடும் என்பதால், 8.30 மணிக்கு வைக்கும் இட்லி ஏற்கெனவே காலம் தாழ்ந்தது. உணவைக் கொடுத்துவிட்டு மாத்திரையைக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்.

அந்தக் காலை உணவு கனமாக இருக்கட்டும். கஞ்சி வயிற்றை நிறைக்குமே தவிர, எடையை ஏற்றாது. நான் வேகவைத்த நேந்திரம்பழத்தில் நெய் விட்டுக் கொடுப்பேன், இல்லையெனில் புட்டும் கடலைக்கறியும், கூடவே ஒரு முட்டை. மதியத்துக்கு அரைப் பெட்டி போதும்: சிறிய சப்பாத்திக்குள் கடலைச் சட்னியைத் தடவிச் சுருட்டி வைத்தால், விளையாடப் போகும் அவசரத்திலும் இரண்டு கடி கடிப்பாள். பெட்டி காலியாக வரவில்லை என்று ஒரு நாளும் திட்டாதீர்கள். அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே பசிக்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்து நான் முதல் ஆண்டு முழுவதும் அவளை அழவைத்தது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

இரவு 9 மணிப் பசியைத் தயங்காமல் ஆற்றுங்கள். மருந்தின் வேகம் இறங்கியபின் வருகிற உண்மையான பசி அது. தோசையோ, பருப்புச் சாதமோ, பாலும் எள்ளுருண்டையுமோ, கேட்பதைக் கொடுங்கள். உணவுக்கு முன் மட்டும் பால் வேண்டாம், அதிலேயே வயிறு அடைத்துவிடும்.

பதில் 2: கோபாலபுரம் அப்பா

என் அனுபவத்தில் இரண்டு தவறுகளைச் சொல்கிறேன். எடை குறைந்த பயத்தில் மருத்துவரிடம் கேட்காமல் பத்து நாட்கள் மாத்திரையை நிறுத்தினேன். தேர்வு வாரத்தில் மகன் மிகவும் தடுமாறினான். பிறகு மருந்துக் கடையில் பசி டானிக் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அதில் சைப்ரோஹெப்டடின் இருந்ததால், பையன் வகுப்பிலேயே தூங்கினான். அந்த மருந்தைச் சில குழந்தைகளுக்கு மருத்துவர்களே எழுதித் தருவதுண்டு. ஆனால் அது தூக்கத்தை வரவழைக்கும் என்பதால் நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

பதில் 3: சித்தூர் செவிலியர்

குழந்தைகள் புறநோயாளிப் பிரிவில் பணிபுரிகிறேன். மூன்று மாதத்தில் ஒரு கிலோ குறைந்திருப்பதை அடுத்த சந்திப்புவரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொலைபேசியில் தெரிவியுங்கள், ஏனெனில் வளர வேண்டிய வயதில் எடை இறங்குவது கவனிக்க வேண்டிய செய்தி. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், 10 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை எடையும், 6 மாதத்துக்கு ஒருமுறை உயரமும், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்கிறது. தினமும் எடை பார்த்தால் குழந்தைக்கும் கவலை தொற்றிக்கொள்ளும். ஒரே தராசில், ஒரே வகை உடையில், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அந்த எண்களை வளர்ச்சி வரைபடத்தில் குறித்துத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது உங்கள் மாமியாருக்கும் கண்ணால் தெரியும்.

உணவு மாற்றம் போதவில்லையென்றால் அளவைக் குறைப்பது, குறைந்த நேரம் வேலை செய்யும் வகைக்கு மாற்றுவது, விடுமுறையில் இடைவெளி விடுவது, வேறு மருந்து தருவது என்று மருத்துவரிடம் பல வழிகள் உண்டு. வயிற்றுவலி, வாந்தி, நெஞ்சு படபடப்பு, மயக்கம் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலையே மருத்துவரை அழைத்தேன். நாளை முதல் 6.45 மணிக்கு உணவு, அதன் பிறகு மாத்திரை என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை எடை பார்க்க வரச் சொன்னார். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்கிறேன். நேந்திரம்பழம் வேகவைப்பதை அவரே ஏற்றுக்கொண்டார்.