உறைபனிக் காலையில் மினி டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, டீசல் பம்பும் படபடக்கிறது: உதவி தேவை

கேரட் தோட்டம் (கேத்தி, நீலகிரி)

வணக்கம். என்னிடம் இருப்பது மூன்று சிலிண்டர், 24 எச்பி, நான்கு சக்கரமும் இழுக்கும் மினி டிராக்டர். இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மீட்டரில் இப்போது 2,130 மணி நேரம்.

மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் இதோடு போராட்டமாக இருக்கிறது. ஆறு மணிக்குப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் நேரம். சாவியை ஹீட்டர் நிலைக்குத் திருப்பினால் டேஷில் விளக்கு எரிந்து அணைகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பேட்டரி புதுசு. புகைக்குழாயில் வெள்ளைப் புகை கொட்டுகிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு முறை அடித்த பிறகு ஒரு சிலிண்டர் மட்டும் தட்டித் தடுமாறிப் பிடித்து, அப்புறம் மற்றவை சேர்ந்துகொள்ளும். மதியம் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிவிடும்.

இன்னொன்று, எலக்ட்ரிக் டீசல் பம்பின் சத்தம். முன்பு சாவி போட்டதும் 'டொக்... டொக்...' என்று நிதானமாக அடிக்கும். மூன்று வாரமாகத் தையல் மிஷின் மாதிரி படபடவென்று ஓடுகிறது. டேங்க் நிறைய இருந்தால் சத்தம் கொஞ்சம் குறைகிறது. பாதிக்குக் கீழே போனால் தாங்க முடியவில்லை, மேட்டில் ஏறும்போது இன்ஜின் ஒரு கணம் மூச்சு வாங்குகிறது.

கேரட் அறுவடை நடக்கிறது. விடிவதற்குள் மூட்டைகளை ரோட்டுக்கு ஏற்றினால்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரியைப் பிடிக்க முடியும். பக்கத்துத் தோட்டத்துக்காரர், பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனர் வாயில் வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார். செய்யலாமா? இரண்டும் ஒரே கோளாறா? பம்பை மாற்றினால் சரியாகிவிடுமா?

பழைய மெக்கானிக்

தம்பி, முதலில் அந்தப் பெட்ரோல் துணியைக் கையில் எடுக்காதீர்கள். ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயும் வேண்டாம். உங்கள் இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் மேல் விழுவதில்லை, ஹெட்டில் இருக்கும் சின்ன அறைக்குள் விழுகிறது. அந்த அறையைச் சூடாக்க சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் இருக்கிறது, அதன் நுனி அங்கேதான் சிவந்து நிற்கும். பெட்ரோல் ஆவி உள்ளே போனால் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் ரிங் உடைந்து, கனெக்டிங் ராடு வளைந்து வந்த வண்டிகளை என் கையாலேயே பிரித்திருக்கிறேன்.

வெள்ளைப் புகை நல்ல செய்திதான். டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியத்தான் சூடு போதவில்லை. புகையே இல்லாமல் சுற்றினால்தான் டீசல் வரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். நீங்கள் இருப்பது 2,000 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அமுங்குகிற காற்றே குறைவு என்றால் அதில் பிறக்கும் சூடும் குறையும். கோயம்புத்தூரில் ஒரு ஹீட்டர் போயிருந்தாலும் வண்டி எப்படியோ ஓடிவிடும், உங்கள் ஊரில் அது நடக்காது.

டேஷ் விளக்கை நம்ப வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் அது டைமருக்கான விளக்கு. மூன்று பிளக்கும் செத்திருந்தாலும் ஒழுங்காக எரிந்து அணையும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பிளக்குகளை இணைக்கும் பட்டைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே பாருங்கள். ஒருவர் சாவியை ஹீட்டரில் பிடிக்கட்டும். 11 வோல்ட்டை ஒட்டி வந்தால் ரிலே (பிளக்குகளுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), ஃபியூஸ், ஒயர் எல்லாம் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால் பிளக்கைத் தொடாமல் ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள்.

கேரட் தோட்டம்

நன்றி ஐயா, துணியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பட்டையில் 11.1 வருகிறது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பட்டைக்கும் பாடிக்கும் நடுவே ஓம்ஸும் பார்த்தேன். 1.2 காட்டியது. மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 வருகிறது, அதைக் கழித்தால் 0.9. பிளக் ஒரு ஓம் அளவுக்கு இருக்க வேண்டும் என்று எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் சொன்னார். அப்படியானால் மூன்றும் நல்லதுதானே?

ஒயரிங் வேலை (பொள்ளாச்சி)

இல்லை நண்பரே, அந்தக் கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். மூன்றையும் அந்தப் பட்டை ஒன்றாகக் கட்டியிருக்கிறது. மூன்றும் உயிரோடு இருந்தால் கரண்டுக்கு மூன்று வழி, அதனால் மொத்தமாக மூன்றில் ஒரு பங்கு, 0.3 ஓம்தான் வர வேண்டும். 0.9 வருகிறது என்றால் ஒன்றுதான் வேலை செய்கிறது! மீட்டர் முனையின் 0.3ஐக் கழித்துப் பார்த்தீர்களே, அதைப் பலர் செய்வதில்லை.

பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். மீட்டர் இல்லாதவர்கள் டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பேட்டரி பிளஸில் மாட்டி, முனையால் பிளக்கின் தலையைத் தொட்டால் போதும். லேம்ப் எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். ஒரு பிளக் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், மூன்றுக்கும் 30ஐ ஒட்டி வர வேண்டும். பட்டையின் கீழே இருக்கும் குட்டி நட்டு கை நழுவினால் இன்ஜின் இடுக்கில் போய்விடும், அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை லாரி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டீசல் மெழுகு கட்டியிருக்குமா என்றும் பாருங்கள். நம் நாட்டுத் தர அளவுப்படி, குளிரில் டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு வரம்பு கோடையில் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரி. உங்கள் ஊரில் விடியற்காலை அதற்கும் கீழே போகிறதே. கோடையில் கேனில் பிடித்து வைத்த டீசலை ஊற்றினீர்களா?

கேரட் தோட்டம்

கேன் டீசல் இல்லை, போன வாரம் பங்க்கில் போட்டது. ஃபில்டர் கிண்ணத்தைக் காலையிலேயே டார்ச் அடித்துப் பார்த்தேன், கலங்கல் இல்லாமல் தெளிவாக இருக்கிறது. தண்ணீரும் இல்லை.

பட்டையைக் கழற்றிப் பார்த்ததில் ஒன்றாவது பிளக் 0.9. இரண்டாவதும் மூன்றாவதும் மீட்டரில் அசையவே இல்லை. ஒயரிங் நண்பர் சொன்னது அப்படியே சரி. இனி எப்படிக் கழற்றுவது? கொஞ்சம் முறுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது.

பழைய மெக்கானிக்

அதற்கு மேல் முறுக்காதீர்கள். நுனி வீங்கியிருந்தாலோ சுற்றிலும் கார்பன் பிடித்திருந்தாலோ, உடைந்த துண்டு உள்ளேயே விழுந்துவிடும். அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். மாலையில் பிளக்கின் அடியில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் வேலை முடிந்து இன்ஜின் சூடாக இருக்கும்போது ஒரு கால் சுற்று தளர்த்துங்கள், திரும்பக் கொஞ்சம் முறுக்குங்கள், மறுபடி தளர்த்துங்கள். நீளமான கைப்பிடி வேண்டாம்.

மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பிளக்கில் பொறித்திருக்கும் எண்ணையும் வோல்ட்டையும் பார்த்து அதே வகையை வாங்குங்கள். குறைந்த வோல்ட் பிளக்கும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், 12 வோல்ட்டில் போட்டால் சில நொடியில் கருகும். புதியதை முதலில் கையால்தான் உள்ளே திருப்ப வேண்டும்.

மாற்றியதும் இன்னொரு வேலை: இன்ஜின் ஓடி ஒரு நிமிடம் கழித்துப் பட்டையில் வோல்ட் பாருங்கள். பூஜ்யமாக இருக்க வேண்டும். 13, 14 காட்டினால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பழைய பிளக்குகளைக் கொன்றது அதுதான்.

பம்ப் ரூம் (உடுமலை)

பிளக் விஷயத்தைப் பெரியவர் பார்த்துக்கொள்கிறார், நான் பம்பின் சத்தத்துக்கு வருகிறேன். பம்பை மாற்றாதீர்கள், அது உங்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த வகைப் பம்பில் ஸ்பிரிங்கும் காயிலும் சேர்ந்து ஒரு சின்ன பிளஞ்சரை முன்னும் பின்னும் தள்ளும். முன்னால் டீசல் நிறைந்து அழுத்தம் ஏறிவிட்டால் அதற்குத் தள்ள இடமில்லை, நிதானமாக அடிக்கும். காற்று வந்தால் எதிர்ப்பே இல்லை, படபடக்கும்.

டேங்க் நிறைய இருந்தால் சத்தம் குறைகிறது என்று எழுதினீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. மட்டம் உயரமாக இருக்கும்வரை டீசல் தானே இறங்கி வரும். மட்டம் ஃபில்டருக்குக் கீழே போனதும் பம்ப் உறிஞ்ச வேண்டும், அப்போதுதான் ஓட்டை வழியே காற்று ஏறும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் சொட்டாது. கீழே ஈரமில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. மேட்டில் மூச்சு வாங்குவதும் இதனால்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஏதாவது கை வைத்தீர்களா? ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு ஜாண் கண்ணாடிக் குழாயை (உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு, சாவி போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் ஃபில்டர் அல்லது அதற்கு முந்தைய குழாய். குமிழி இல்லாமல் படபடத்தால் மட்டும் பம்பின் வால்வைச் சந்தேகப்படலாம்.

கேரட் தோட்டம்

மூன்று வாரத்துக்கு முன் டீசல் ஃபில்டர் மாற்றினேன் ஐயா! எழுத மறந்துவிட்டேன்.

கண்ணாடிக் குழாய் போட்டதும் கடுகு மாதிரி குமிழிகள் வரிசையாக ஓடின. கிண்ணத்தைக் கழற்றினால், பழைய ஓரிங் (காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மேல்தட்டின் பள்ளத்திலேயே கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் புதியதையும் வைத்து முறுக்கியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம் பிதுங்கி நசுங்கியிருந்தது. நகத்தால் வரவில்லை, மூங்கில் குச்சியைச் சீவி எடுத்தேன்.

பம்ப் ரூம் (உடுமலை)

அதுதான். நசுங்கியதைத் திரும்பப் போடாமல் புது ஓரிங் ஒன்றை டீசலில் நனைத்துப் போடுங்கள், கிண்ணத்தைக் கையால் முறுக்கினால் போதும். டேங்கை நிரப்பிவிட்டு, சாவி போடாமல் ஃபில்டர் மேல் இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் மூடுங்கள். அடுத்து சாவி போட்டு, டீசலை நாசில்களுக்கு அழுத்தி அனுப்பும் பெரிய பம்பிலும் அதேபோல் ஏர் எடுங்கள். நாசில் நட்டுகளைத் தொட வேண்டியிருக்காது.

கேரட் தோட்டம்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். ஓரிங் மாற்றி ஏர் எடுத்த அன்றே பம்ப் பழையபடி 'டொக்... டொக்...' என்று வந்துவிட்டது. பிளக்குகள் இரண்டு மாலை எண்ணெய் ஊறிய பிறகுதான் அசைந்தன. மூன்றாவதின் நுனி வீங்கி, ஓரத்தில் வெடித்திருந்தது. இன்னும் ஒரு முறுக்கு முறுக்கியிருந்தால் உள்ளே போயிருக்கும். இன்ஜின் ஓடும்போது பட்டையில் வோல்ட் பூஜ்யம், ரிலே நன்றாக இருக்கிறது. வண்டி வாங்கியதிலிருந்து நானே சாவியை முப்பது நாற்பது நொடி பிடித்துக்கொண்டிருந்தேன், இப்போது பத்து நொடியோடு விடுகிறேன்.

இன்று காலை 3 டிகிரி. இரண்டாவது சுற்றிலேயே மூன்று சிலிண்டரும் சேர்ந்து பிடித்தன. ஐந்தரைக்கெல்லாம் மூட்டை ரோட்டில். நான்கு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

பம்ப் ரூம் (உடுமலை)

ரொம்ப மகிழ்ச்சி. அந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்துவிட்டீர்களா? டீசலில் ஊறினால் மஞ்சளாகி விறைத்து, கிளிப் இருக்கும் இடத்தில் வெடிக்கும். மறுபடி காற்று இழுக்கும்.

கேரட் தோட்டம்

இன்னும் அதேதான் கிடக்கிறது ஐயா. மதியம் கடைக்குப் போய் டீசல் ரப்பர் குழாய் வாங்கி மாட்டிவிடுகிறேன்.