இரண்டு மணி நேர டிரெட்மில்லும் இறங்காத எடையும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு, சென்னை

எனக்கு வயது 43. சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த மறுவாரம், 86 கிலோ எடையோடு எங்கள் பகுதியில் உள்ள உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். கார்டியோ, அதாவது இதயத் துடிப்பைக் கூட்டும் நடை, ஓட்டம் போன்ற பயிற்சி, எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு எடை குறையும் என்ற எளிய கணக்கே மனத்தில் இருந்ததால், வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் டிரெட்மில்லில் நடந்தேன். முதல் மாதம் இரண்டு கிலோ குறைந்தது. இரண்டாம் மாதம் முள் அசையவில்லை. மூன்றாம் மாத முடிவில் அரை கிலோ ஏறியிருந்தது. அதற்குள் வலது கணைக்கால் எலும்பில் வலி வந்து, படி இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மருத்துவர் மூன்று வாரம் ஓய்வு என்றார்.

அந்த ஓய்வில்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். டிரெட்மில்லின் திரை இரண்டு மணி நேரத்திற்கு 1100 கலோரி என்று காட்டியது; என் எடை என்ன என்று அது ஒருநாளும் கேட்டதில்லை. மணிக்கு 6 கி.மீ. வேக நடைக்கு ஆகும் ஆற்றல், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆவதைப் போல ஏறத்தாழ 5 மடங்கு. உட்கார்ந்திருந்தால் கிலோ ஒன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவாகும் என்பதால், அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 86 கிலோ எடைக்கு நான் கூடுதலாகச் செலவழித்தது மணிக்கு 344, இரண்டு மணி நேரத்திற்கு 688. திரை காட்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிற்று.

மீதியையும் நானே தின்று தீர்த்திருக்கிறேன். காலையில் மூன்று தோசை ஐந்தானது. மாலையில், "இன்றுதான் இரண்டு மணி நேரம் நடந்தாயிற்றே" என்ற தைரியத்தில் பஜ்ஜி. அதைவிட வியப்பு என்னவென்றால், நாளின் மற்ற நேரத்தில் நான் அசையவே இல்லை. முன்பெல்லாம் அலுவலகத்தில் மூன்று மாடி ஏறிப் போனவன் லிஃப்டுக்குக் காத்து நின்றேன். பால் வாங்க மகனை அனுப்பினேன். ஞாயிறு முழுவதும் சோபாவிலேயே கிடந்தேன்.

இப்போது வாரம் ஐந்து நாள், 45 நிமிட வேக நடை. இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. இரவுச் சோற்றில் பாதி. ஒன்பது மாதத்தில் 84.5 கிலோவிலிருந்து 78-க்கு வந்திருக்கிறேன். மற்றவர்கள் எவ்வளவு செய்கிறீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி

ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கி.மீ.; காலையில் இரண்டு சுற்று என் கணக்கு, 55 நிமிடம் ஆகும். எனக்கு 52 வயது, மாதவிடாய் நின்று இரண்டாண்டு. ஆறு மாதம் விடாமல் நடந்தும் 71 கிலோ 69 ஆனதோடு சரி. உறவினர் வீட்டுத் திருமணத்தில், "இவ்வளவு நடந்தும் அப்படியேதானே இருக்கிறாய்?" என்று ஒரு சித்தி கேட்டபோது நடையையே விட்டுவிடலாமா என்று தோன்றியது உண்மை.

விடாததற்குக் காரணம் அளவு நாடா. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. இருந்தது 88-க்கு இறங்கியிருந்தது. இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனால் கவனம் வேண்டும் என்பதால் இன்னும் தூரம் இருக்கிறது என்றாலும், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பை நடை முதலில் கரைக்கும் என்றும், எடைக் கருவி அதைக் காட்டாமல் போகலாம் என்றும் என் மருத்துவர் விளக்கினார். வேகத்திற்கு நான் கருவி எதுவும் பார்ப்பதில்லை. கூட வரும் தோழியோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் மிதமான வேகம். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தியதே இல்லை என்பதால் அந்த அளவு எப்போதும் சரியாகவே இருக்கிறது.

திருநெல்வேலி

எனக்கு 66 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் என்பது எனக்கு ஆகாது. மூன்று வேளையும் சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் தெருவில் நடக்கிறேன். எடை இரண்டு கிலோதான் குறைந்தது; சாப்பாட்டுக்குப் பின் பார்க்கும் சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது. எனக்கு இது போதும்.

உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் மறுமொழி, திருச்சி

தொடக்கப் பதிவை எழுதிய நண்பர் தம் குறையாகச் சொல்வதை நான் குறை என்று சொல்ல மாட்டேன். உடல் செய்கிற வேலை அது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில், உடலுழைப்பு இல்லாத, எடை மிகுந்த இளைஞர்களை வைத்து 13 வாரம் நடத்திய ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. ஒரு குழுவினர் நாளுக்கு ஏறத்தாழ அரை மணி நேரப் பயிற்சியில் 300 கலோரி செலவழித்தார்கள். மற்றொரு குழுவினர் ஒரு மணி நேரத்தில் 600. அரை மணி நேரக்காரர்களின் எடை சராசரியாக 3.6 கிலோவும், ஒரு மணி நேரக்காரர்களின் எடை 2.7 கிலோவும் குறைந்தன. கொழுப்பு இரு குழுவிலும் ஏறத்தாழ 4 கிலோ குறைந்திருந்தது. இரட்டிப்பு உழைப்புக்கு இரட்டிப்புப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் இளம் ஆண்கள் என்பதை மறந்து, கோவைச் சகோதரி அதை அப்படியே தமக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அதே 2012இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்ஸா மக்களை மானிடவியலாளர் ஹெர்மன் பான்ட்சரும் உடன் பணியாற்றியவர்களும் அளந்து பார்த்ததில், நாளெல்லாம் நடக்கும் அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்த ஆற்றல், உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், மேலை நாட்டு நகரவாசிகள் செலவழிப்பதற்குச் சமமாகவே இருந்தது. ஓரிடத்தில் கூடச் செலவானால் உடல் வேறிடத்தில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம்.

என்னிடம் வருபவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு 2020இல் சொன்ன அளவையே சொல்கிறேன்: வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. நண்பர் செய்தது 720 நிமிடம். சும்மா இருந்த கால் திடீரென்று அத்தனையையும் தாங்கும் என்று எதிர்பார்த்தது தவறு.

சிங்கப்பூரிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து

மன்னிக்க வேண்டும், எல்லோரும் குறைவே நலம் என்ற பக்கம் சாய்கிறீர்கள். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நாளும் 90 நிமிடம் சைக்கிள் ஓட்டுகிறேன். 14 கிலோ குறைத்து மூன்றாண்டாக அப்படியே வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் சேர, குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அது திரும்ப ஏறாமல் ஓராண்டாவது காத்து வந்தவராக இருக்க வேண்டும்; அதில் உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் போலப் பயிற்சி செய்கிறார்கள். எடையைக் குறைக்க உணவு உதவுகிறது. குறைத்ததைக் காக்க அசைவு கூடுதலாக வேண்டியிருக்கிறது. இருபது நிமிடத்தில் தொடங்கிய நான் தொண்ணூறை எட்ட எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டிவிட்டு வந்து பரோட்டா சாப்பிட்ட காலமும் உண்டு. அந்த மாதங்களில் எனக்கும் ஒன்றும் குறையவில்லை.

தொடக்கப் பதிவாளரின் பதில்

சிங்கப்பூர் நண்பரே, உங்கள் கருத்தை ஏற்கிறேன். தொண்ணூறு நிமிடத்தை விட அந்த எட்டு மாதம்தான் எனக்குப் பாடமாகப் பட்டது. 78-லிருந்து 75-க்குப் போவது பழையபடி இழுபறியாக இருப்பதால், அடுத்த மாதம் முதல் நடையை 45-லிருந்து 55 நிமிடமாக்கி, கணைக்கால் என்ன சொல்கிறது என்று பார்க்கப் போகிறேன். ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி: அந்தப் பத்து நிமிடத்தை ஐந்து நாளுக்கும் கூட்டுவதா, அல்லது ஆறாவது நாளாக ஓர் எளிய நடையைச் சேர்ப்பதா? பஜ்ஜியைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், சனிக்கிழமை மட்டும், இரண்டு.