யூசுப் புளியைச் சொதிக்குள் விட்டேன், திரைந்துவிட்டது

பரந்தன்_மருமகள்:
வணக்கம். கணவரின் தம்பி யப்பானில் வேலை செய்கிறார். போன மாதம் லீவில் வந்தபோது யூசு என்ற பழத்தின் சாறு ஒரு சின்னப் போத்தலும், பச்சையாக அரைத்த ஏதோ ஒன்று ஒரு குட்டிப் போத்தலும் தந்துவிட்டுப் போனார். "தேசிக்காய் மாதிரித்தான் அண்ணி, எதுக்கும் விடலாம்" என்றார், அவ்வளவுதான் விளக்கம். அதை நம்பி வெள்ளிக்கிழமை சொதி கொதிக்கும்போதே இரண்டு மேசைக்கரண்டி விட்டேன். பால் திரைந்து, வாசமும் இல்லாமல், வெறும் புளிப்பும் கொஞ்சம் கைப்பும்தான் மிஞ்சின. மாமி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இடியப்பத்தைச் சம்பலோடு மட்டும் சாப்பிட்டு எழும்பிவிட்டா. அந்தப் பச்சைச் சாமானைச் சட்னி என்று நினைத்துத் தோசையில் பூசின மூத்தவன் தண்ணீர்ச் செம்போடு முற்றத்துக்கு ஓடினான். போத்தலைத் திறந்து மணந்தால் மட்டும் தேசிக்காயும் தோடம்பழமும் சேர்ந்த மாதிரி அப்படி ஒரு வாசம். அதை எப்படிச் சாப்பாட்டுக்குள் கொண்டுவருவது?

ஒட்டுசுட்டான்_ஆச்சி:
பிள்ளை, எங்கட தேசிப்புளியைக் கொதிக்கிற சொதிக்குள் விடுவீங்களோ? இறக்கி வைத்து, கொதி அடங்கின பிறகுதானே விடுவோம். வெளிநாட்டுச் சாமான் என்றவுடன் கை அதை மறந்துபோச்சு போல. போத்தலில் எழுதியிருப்பது என்னவாக இருந்தாலும் புளி புளிதான், சூட்டில் தேங்காய்ப்பாலைத் திரைக்கத்தான் செய்யும். அடுத்த முறை இறக்கி ஆறவிட்டு ஒரு தேக்கரண்டி மட்டும் விட்டுப் பாருங்கோ. பழப்புளி கரைத்த குழம்புக்குள் விடவேண்டாம், அங்கே இதன் வாசம் எடுபடாது.

கோச்சியில்_இருந்தவன்:
ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் நாலு வருடம் கோச்சியில் இருந்தேன் (கேரளத்துக் கொச்சி இல்லை, ஷிகோகு தீவில் இருக்கிற மாகாணம்). யப்பானில் விளையும் யூசுவில் பாதியளவு அங்கேதான், மலைச்சரிவு முழுக்க முள்ளு மரங்கள். பழத்தை வெட்டினால் கை நிறைய விதையும் கொஞ்சச் சாறும்தான் கிடைக்கும், அதனால்தான் அந்தச் சின்னப் போத்தலுக்கு அந்த விலை. உண்மையான வாசம் தோலில் இருக்கும் எண்ணெயில்தான் இருக்கிறது, சூடு பட்டால் பறந்துவிடும். அங்கே சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றின பிறகுதான் நகமளவு தோலைச் சீவி மேலே போடுவார்கள். மார்கழியில், பகல் மிகக் குறுகிய அந்த நாளில், முழுப் பழங்களைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் குளிக்கவும் செய்வார்கள். முதன்முதல் பார்த்தபோது எனக்கு ஊரில் தேசிக்காய் தேய்த்து முழுகினதுதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பச்சைப் போத்தல் யூசு கோஷோ. கோஷோ என்றால் யப்பானில் பொதுவாக மிளகு, ஆனால் கியூஷு பக்கத்துப் பழைய பேச்சில் மிளகாய். பழுக்காத யூசுவின் தோல், பச்சை மிளகாய், உப்பு, மூன்றையும் அரைத்துக் கொஞ்ச நாள் ஊறவைப்பது. பயற்றங்கொட்டை அளவுதான் ஒரு ஆளுக்கு, பொரித்த மீன் துண்டின் ஓரத்தில் தொட்டுச் சாப்பிடவேண்டும். பாவம் மூத்தவன்.

சாறுக்கு இன்னொரு வழி: சோயா சோஸ் அரைக் கோப்பை, யூசுச் சாறு கால் கோப்பை, ஒரு துண்டு மாசிக் கருவாடு. இரவு முழுக்க பிரிட்ஜில் ஊறவிட்டு வடித்தால் பொன்சு (யப்பானியர் தொட்டுச் சாப்பிடுகிற புளிப்புச் சோஸ்) மாதிரி ஒன்று வரும். அவர்கள் போடுகிற கட்சுவோபுஷியும் நம்முடைய மாசியும் ஒரே சூரை மீனைக் காயவைத்ததுதான், அவர்களுடையதில் பூஞ்சணம் பிடிக்கவைக்கிற வேலை கூடுதல்.

மாங்குளத்தான்:
இவ்வளவு பாடு எதற்கு? வளவில் நாரத்தை நிற்கிறவர்கள் அதன் பச்சைத் தோலை மெல்லிதாகச் சீவுங்கள், வெள்ளைச் சதை வந்தால் கைக்கும். தோல் 100 கிராம், விதை எடுத்த பச்சை மிளகாய் 100 கிராம், உப்பு 30 கிராம், அம்மியில் அரைத்து ஒரு கிழமை பிரிட்ஜில் வையுங்கள். யூசு வாசம் வராது, நாரத்தை வாசம்தான் வரும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. அப்புறம், தம்பியிடம் யூசு விதை கேட்டு வாங்கி நட்டால் என்ன?

கோச்சியில்_இருந்தவன்:
விதையைச் சும்மா பொக்கற்றில் போட்டுக்கொண்டு வரமுடியாது அண்ணை, தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி வேணும். வந்து நட்டாலும், யூசு காய்க்கப் பதினெட்டு வருடம் என்று அங்கே பழமொழியே இருக்கிறது. அதனால் ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள். உறைபனியையே தாங்குகிற மரம், நம்முடைய சித்திரை வெயிலுக்கு என்ன சொல்லுமோ.

பரந்தன்_மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரணைமடுவில் பிடித்த யப்பான் மீன் வாங்கி, மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டுப் பொரித்து, தட்டில் வைத்த பிறகு ஒரு தேக்கரண்டி சாறு தெளித்தேன். வாசம் குசினி தாண்டி விறாந்தை வரை வந்தது. "யப்பான் மீனுக்கு யப்பான் புளி" என்று கணவர் பகிடி விட, அது ஆபிரிக்காத் திலாப்பியா, 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தது என்று மூத்தவன் பள்ளிக்கூடத்தில் படித்ததை எடுத்து விட்டான். மாமி இரண்டாம் துண்டும் கேட்டா. மிச்சச் சாறை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்திருக்கிறேன், கரண்ட் ஒழுங்காக இருந்தால் தைப்பொங்கல் வரை வரும். கோஷோவை மட்டும் மூத்தவன் பிரிட்ஜின் கடைசித் தட்டில், மருந்துப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான்.