அடையாள அட்டை, பை, முகவரி: தெருவில் வாழ்பவர்களோடு நமக்குக் கிடைத்த அனுபவங்கள்

இரவுப் பணித் தன்னார்வலர்:

நாங்கள் சிலர் சேர்ந்து இரவில் தெருவோரம் படுத்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு வருவோம். போர்வை, காலுறை, தண்ணீர் கொண்டுபோவோம். ஆனால் எதையும் நீட்டுவதற்கு முன்னால் "என்ன வேணும்?" என்று கேட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஒரு பெரியவர் கேட்டது பூட்டும் சங்கிலியும்.

பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் அவர் தூங்குவார். கொஞ்ச நாளைக்கு முன்னால் நடைபாதையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள், அங்கே கிடந்ததையெல்லாம் வாரி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அதில் அவருடைய பழைய பையும் போயிற்று. உள்ளே அடையாள அட்டை, மருத்துவச் சீட்டு, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் இருந்தன. புது அட்டை கேட்டால் முகவரி எங்கே என்கிறார்கள். தங்கும் விடுதிக்குப் போனால் அட்டை எங்கே என்கிறார்கள். மனிதர் எந்த வாசலில்தான் நிற்பது?

பூட்டு வாங்கிக் கொடுப்பது எளிது. அட்டைக்காக அவரோடு அலைந்ததுதான் பெரிய வேலை. எங்கள் குழுவின் முகவரியை அவருடைய தபால் முகவரியாக வைத்துக் கடிதம் கொடுத்தோம். தனியாகப் போனபோது வாசலிலேயே விரட்டப்பட்டவர், எங்களில் ஒருவர் கூடப் போனதும் "உட்காருங்க ஐயா" ஆகிவிட்டார். அட்டை வந்தது, வங்கிக் கணக்கு வந்தது, அப்புறம்தான் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பகலில் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரவில் திருட்டுப் பயம், அடி உதை. பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம். கண்ணை மூட அவர்களுக்குக் கிடைக்கும் நேரமே பகல்தான்.

நூலக ஊழியர்:

எங்கள் வாசிப்பறைக்குத் தினமும் வரும் ஒருவரைப் பற்றிப் புகார் வந்தது, நாற்றம் என்று. குளிக்க இடமில்லாதவரிடம் நாற்றம்தான் இருக்கும். கழிவறையைக் காலையில் சீக்கிரமே திறந்துவிட ஏற்பாடு செய்தோம், போன் சார்ஜ் போட ஒரு மூலை ஒதுக்கினோம். ஈரக் காலுறையிலேயே நாள்கணக்கில் நடந்து அவருடைய பாதம் வெளுத்துப் புண்ணாகியிருந்ததை ஒரு செவிலியர்தான் கவனித்தார்.

மேலே எழுதியவர் சொன்ன பைப் பிரச்சினைக்கு எங்களால் முடிந்தது இது: அவர்களிடம் இருக்கும் சான்றுகளை ஸ்கேன் செய்து, அவர்கள் பெயரிலேயே மின்னஞ்சல் தொடங்கி அதற்கு அனுப்பிவைக்கிறோம். பை போனாலும் நகல் இருக்கும்.

வீடு இழந்திருந்தவர்:

நான் அந்தப் பக்கம் இருந்து வந்தவள். வேலை போயிற்று, பிறகு வாடகை நின்றது. முதலில் தெரிந்தவர்கள் வீட்டுத் தரையில், அப்புறம் காரில், கடைசியில் விடுதியில். தரையிலும் காரிலும் படுத்திருந்த நாள்களில் யாரும் என்னை வீடற்றவளாகப் பார்க்கவில்லை. அதனால் உதவியும் வரவில்லை.

விடுதியில் விடிந்ததும் மூட்டையோடு வெளியேற வேண்டும். அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனால் வேலை கிடைக்குமா? பக்கத்துத் தெரு அம்மா ஒருவர், "பையை இங்க வச்சுட்டுப் போம்மா" என்றார். வேலைக்கு எழுதிப்போட அவர் வீட்டு முகவரியையும் தந்தார். அந்த முகவரிக்குத்தான் எனக்கு வேலை உத்தரவு வந்தது.

குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம் என்றுதான் பல இடங்களில் சொல்கிறார்கள். பின்லாந்து 2008 முதல் அதைத் தலைகீழாக்கியது: முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு வீடு, பிறகு மற்ற உதவிகள். ஹெல்சிங்கியில் சுமார் 250 படுக்கைகள் இருந்த ஒரு பெரிய விடுதியையே 81 தனி வீடுகளாக மாற்றினார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கக் கிடைத்தபின் எனக்கும் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கூடிவந்தது. அதனால் இதை நான் முழுதாக நம்புகிறேன்.

அரசு அதைச் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பொருள்களை அள்ளுவதற்கு முன் அறிவிப்பு கொடுங்கள், அள்ளியதைக் கொஞ்ச நாள் பத்திரமாக வையுங்கள் என்று உள்ளூர் நிர்வாகத்திடம் கேட்கலாம். படுக்க முடியாதபடி பெஞ்சின் நடுவில் கம்பி வைக்கும் யோசனை குடியிருப்போர் கூட்டத்தில் வந்தால், எழுந்து வேண்டாம் என்று சொல்லலாம்.

முதலில் எழுதியவரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குழு கொடுக்கும் அந்த முகவரிக் கடிதத்தின் மாதிரி இருந்தால் பெயர்களை நீக்கிவிட்டுப் பகிருங்கள். எங்கள் பகுதியில் சிலருக்கு உடனே தேவைப்படுகிறது.