டிவி சேனலுக்குன்னே எடுத்த ராட்சச சுறா, பாம்பு படங்கள்ல எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

நள்ளிரவு_ரிமோட்:
அமெரிக்கால சைஃபை சேனலுக்குன்னே வரிசையா எடுத்தாங்களே, ராட்சச பாம்பு, முதலை, சுறா படங்கள், அதப் பத்திதான் கேக்கறேன். சூறாவளில சுறா பறந்து வர்ற ஷார்க்நேடோ 6 பாகமும் பாத்து முடிச்சாச்சு. முதல் பாகம் செம ஜாலி, அப்புறம் போகப்போக எனக்கு ஒட்டவே இல்ல, நடிக்கிறவங்க எல்லாரும் நம்மளப் பாத்து கண்ணடிச்சுக்கிட்டே நடிக்கிற மாதிரி இருந்துச்சு. அதுக்கு முன்னாடி அதே சேனல்ல வந்த பழசெல்லாம் இதைவிட நல்லாருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, நிஜமாவா? இன்னொரு டவுட்டு, கிராபிக்ஸ் ஏன் இவ்ளோ மட்டமா இருக்கு, வேணும்னே பண்றாங்களா இல்ல காசு இல்லையா? கதை எந்த ஊர்ல நடந்தாலும் காடு மட்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கு?

கடைசி_ரீல்:
காடு ஒரே மாதிரி இருக்குன்னா நிறைய நேரம் அது ஒரே நாட்டுக் காடுதான் ப்ரோ. இந்தப் படங்கள்ல பாதிக்கு மேல பல்கேரியா, ருமேனியா பக்கம் எடுத்த மாதிரிதான் தோணும், அங்க ஸ்டூடியோ வாடகை, ஆள் சம்பளம் எல்லாமே கம்மி. லேக் ப்ளாசிட் 2 (2007) அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்து ஏரின்னு கதை, ஷூட்டிங் பல்கேரியால. அனகோண்டா 3 ருமேனியா. அதான் ஹீரோவத் தவிர ஷெரீஃபு, கடைக்காரரு எல்லாம் பேசுற இங்கிலீஷ் கொஞ்சம் வேற மாதிரி கேக்கும், கவனிச்சுப் பாருங்க.

கிராபிக்ஸுக்கு காசும் இல்ல டைமும் இல்ல. ஒரு படத்துக்கு சுமாரா 10லேர்ந்து 20 லட்சம் டாலர், அதுக்குள்ள நடிகர், கேமரா, மான்ஸ்டர் எல்லாம் அடங்கணும். 2013ல ஷார்க்நேடோ வந்த அதே மாசம் தியேட்டர்ல வந்த பசிபிக் ரிம்முக்கு 18 கோடி டாலருக்கு மேல செலவு. இதுல கொடுமை என்னன்னா கம்ப்யூட்டர்ல பண்றதுலயே கஷ்டமான விஷயம் தண்ணி, ஈரமான தோலு, தண்ணி தெறிக்கறது, இவங்க எடுக்கறதெல்லாம் சுறாவும் முதலையும். பாலைவனத்துல தேள் படமா எடுத்திருந்தா இதே காசுக்கு இன்னும் நல்லா வந்திருக்கும். அதனாலதான் துடுப்ப மட்டும் காட்டறது, தண்ணி செவப்பாகறது, ஒரே ஷாட்ட திருப்பிப் போட்டு திரும்ப யூஸ் பண்றது.

கதைய எழுதறதே விளம்பர இடைவேளைக்குத்தான். 2 மணி நேர ஸ்லாட்டு, படம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள, மிச்சம் விளம்பரம். ஒவ்வொரு பிரேக்குக்கு முன்னாடியும் யாராவது கடி வாங்கணும் இல்லன்னா ஜனங்க சேனல மாத்திருவாங்க. நடுவுல ஆராய்ச்சிக்கூடத்துல நின்னு பேசிக்கிட்டே இருக்காங்களே அது ஏன்னா பேசறதுக்கு செலவு கிடையாது.

சதுப்புநில_வாசி:
பழசு நல்லாருக்கும்னு சொன்னவரு சொன்னது கரெக்ட். 2009ல பேர Syfyன்னு மாத்தறதுக்கு முன்னாடி, Sci Fi சேனலா இருந்தப்ப வந்ததெல்லாம் பாருங்க. மான்ஸ்கீட்டோன்னு 2005ல ஒண்ணு, மனுஷன் கொசுவா மாறுறான், அவ்ளோதான் கதை, ஆனா ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பு இருக்காது, அத்தனை பேரும் உயிரக் குடுத்து நடிப்பாங்க. எனக்கு அதுதான் வேணும். அபத்தமான கதைய அபத்தம்னு தெரியாத மாதிரி நடிச்சாதான் சிரிப்பும் வரும், நடுவுல எங்கயாவது ஒரு தடவை பயமும் வரும்.

ஆனா முதல்ல ஃப்ராங்கன்ஃபிஷ் (2004) பாருங்க. விஷயம் தெரிஞ்சா இன்னும் சுவாரசியம், 2002ல மேரிலாண்ட் மாநிலத்துல க்ராஃப்டன்ங்கற ஊர்க் குளத்துல ஆசியாலேர்ந்து வந்த விரால் வகை மீன் பெருகிப்போச்சு, காத்த சுவாசிக்கும், தண்ணிய விட்டு வெளிய வந்தும் கொஞ்ச நேரம் தாங்கும்னு டிவி பேப்பர் எல்லாத்துலயும் ஒரே பீதி, கடைசில அரசாங்கமே குளத்துல மருந்து கலந்து அத்தனை மீனையும் கொன்னுச்சு. அந்த பீதி அடங்கறதுக்குள்ள படமா எடுத்துட்டாங்க. ஸ்னேக்ஹெட் டெரர்னு அதே மீன வச்சு அதே வருஷம் இன்னொரு படமும் வந்துச்சு, அது சுமார்தான். ஃப்ராங்கன்ஃபிஷ்ல சதுப்பு நிலத்துல படகு வீடுங்கள்ல மாட்டிக்குவாங்க, எங்கயும் ஓட முடியாது, கம்மி பட்ஜெட்டுக்கு ஏத்த இடம்.

ரப்பர்_வால்:
கண்ணடிக்கறதுல என்ன தப்புன்னு எனக்குப் புரியல. ஷார்க்டோபஸ் (2010) தலைப்ப முதல்ல முடிவு பண்ணது சேனல்தான், தயாரிப்பாளர் ரோஜர் கார்மனே இது ரொம்ப ஓவர், ஜனங்க நம்ப மாட்டாங்கன்னு தயங்குனாரு. 1950கள்லேர்ந்து இதே வேலையா இருந்த மனுஷன் அவரு! அப்புறம் எடுத்தாரு, ஓடுச்சு. தலைப்பே ஜோக்கா இருக்கறப்ப நடிகர் மட்டும் சீரியஸா இருக்கணும்னா எப்படி?

சதுப்புநில_வாசி:
ஷார்க்டோபஸ் எனக்கும் ஓகேதான், அதுல எரிக் ராபர்ட்ஸ் சீரியஸாத்தான் நடிச்சிருப்பாரு. நான் சொல்றது ஷார்க்நேடோவுக்கு அப்புறம். முதல் ஒளிபரப்ப கிட்டத்தட்ட 14 லட்சம் பேருதான் பாத்தாங்க, அந்த சேனலுக்கு அது சாதாரணம், ஆனா ட்விட்டர்ல ஊரே கத்துச்சு, மறு ஒளிபரப்புல 19 லட்சம், அதுக்கடுத்து 21 லட்சம்னு ஏறிக்கிட்டே போச்சு. அன்னிலேர்ந்து ட்வீட்டுக்காகவே சீன் எழுத ஆரம்பிச்சாங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு பிரபலம் வந்து சாவாரு. அத படம்னு உக்காந்து பாக்க முடியல.

பழைய_கேசட்:
எல்லாரும் ஒரே சேனலப் பத்தியே பேசறீங்க. நிஜமாவே பயப்படணும்னா சினிமேக்ஸ்ங்கற இன்னொரு அமெரிக்க சேனல் 2001ல போட்ட 5 படத்த தேடுங்க. 1950கள்ல வந்த பழைய டிரைவ்-இன் (கார்ல உக்காந்தே பாக்கற தியேட்டர்) படங்களோட தலைப்ப மட்டும் எடுத்துக்கிட்டு பெரும்பாலும் புதுக்கதை பண்ணாங்க, மிருகங்கள செஞ்சது ஜுராசிக் பார்க் டைனோசர் செஞ்ச ஸ்டான் வின்ஸ்டன் டீம். ரப்பர், மோட்டார், மேக்கப், கையால செஞ்சது, அதனால இன்னிக்கும் பாக்க முடியுது. ஷீ க்ரீச்சர் பெஸ்ட், கப்பல்ல கடல்கன்னிய கூண்டுல அடைச்சு கொண்டு போவாங்க. கார்லா குஜினோ நடிச்சது. மத்த நாலும் சுமார்.

நள்ளிரவு_ரிமோட்:
எல்லாருக்கும் தேங்க்ஸ். இந்த வாரம் ஃப்ராங்கன்ஃபிஷ், அடுத்து ஷீ க்ரீச்சர். அப்படியே ஷார்க்டோபஸும், அந்த சுறாவும் ஆக்டோபஸும் சண்டை போடறத பாத்தே ஆகணும்.

கடைசி_ரீல்:
அதுல சண்டை இல்ல ப்ரோ, ரெண்டும் ஒரே உடம்பு. சண்டை போடறது மெகா ஷார்க் வெர்சஸ் ஜயண்ட் ஆக்டோபஸ், 2009, தி அசைலம் கம்பெனி எடுத்தது. சுறா கடல்லேர்ந்து எகிறி பறக்கற விமானத்த கவ்வும், அந்த ட்ரெய்லர்தான் நெட்ல பரவுச்சு. ட்ரெய்லர் பாத்தாலே போதும், முழுப் படத்துல முக்கால்வாசி நீர்மூழ்கிக் கப்பல்ல உக்காந்து பேசிக்கிட்டிருப்பாங்க.